மணிச் சுத்தியலை எடுத்தது யார்? கணக்குத் திருப்புதலைத் துப்பறியும் விளையாட்டாக மாற்றும் முழு வழிகாட்டி

பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் கணக்குத் திருப்புதல் நடக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். கரும்பலகையில் இருபது கணக்கு எழுதினால், தெரிந்த பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். தெரியாதவர்கள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். மணி அடித்ததும் யாருக்கு எது வரவில்லை என்பது நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அதற்கு மாற்றாக, கணக்கைப் போட்டால் 'குற்றவாளி' கிடைக்கும் விளையாட்டைப் பல ஆசிரியர்கள் முயல்கிறார்கள். பலருக்கு முதல் முறை சறுக்குகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கதையை முதலில் எழுதிவிட்டு, கணக்குகளை அதில் ஒட்டவைக்கிறார்கள். நான் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். பிள்ளைகள் செய்யும் தவறிலிருந்து தொடங்குங்கள், கதை கடைசியில் வரட்டும். இந்த விளையாட்டில் சந்தேகப்படுபவை எல்லாம் விலங்குகள். அப்படிச் செய்தால், ஒரு குழு தவறான விலங்கைக் குற்றவாளி என்று சொன்னாலும் அந்த விலங்கின் பெயரே எந்தப் பாடம் வரவில்லை என்று உங்களுக்குச் சொல்லிவிடும்.

கீழே உள்ளது 20 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கான முழு விளையாட்டு: பள்ளி மணியை அடிக்கும் சுத்தியலை எடுத்த விலங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

நான்கு பேர் கொண்ட ஐந்து குழுக்கள் என்று வைத்துக்கொள்வோம்.

- சந்தேகப் பட்டியல் தாள் 5 (16 கட்டம், கட்டத்துக்கு ஒரு விலங்கு)
- துப்புத் தாள்கள் 20 (குழுவுக்கு நான்கு)
- கவர் 20. பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களே போதும்
- புளியங்கொட்டை குழுவுக்கு 15
- முடிவை எழுதிப் போட ஓர் அட்டைப்பெட்டி, சின்னச் சின்னத் துண்டுத்தாள்கள்

புளியங்கொட்டை எதற்கு? விலக்கப்பட்ட விலங்கின் மேல் அதை வைத்து மூடுவார்கள். பென்சிலால் அடித்தால் தவறைத் திருத்த அழிக்க வேண்டும், தாளும் ஒரே நாளில் வீணாகும். கொட்டையை எடுத்துவிட்டால் விலங்கு திரும்ப வந்துவிடும். தவறைத் திருத்துவது அவ்வளவு சுலபமாக இருந்தால்தான் பிள்ளைகள் திருத்துவார்கள். 16 கட்டத்தில் கடைசியாக ஒன்று மிஞ்ச வேண்டும், ஆகவே 15 போதும்.

2. முதலில் தவறுகளைப் பொறுக்குங்கள்

கணக்கு நோட்டுகளை எடுத்து அரைமணி நேரம் புரட்டுங்கள். எத்தனை பேர் தவறு செய்தார்கள் என்பதைவிட, என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். நான்காம் ஐந்தாம் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் மூன்று:

அ) நடுவில் பூஜ்ஜியம் உள்ள எண்ணில் கடன் வாங்கிக் கழித்தல். 402 − 178 என்றால் விடை 224. ஆனால் சிலர் 234 என்று எழுதுவார்கள்: நூறிலிருந்து கடன் வாங்கிப் பத்தாக்கியதை மறுபடி ஒன்றுக்குக் கொடுத்தபோது பத்தை ஒன்பதாகக் குறைக்க மறந்திருப்பார்கள். இன்னும் சிலர் 376 என்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டிருப்பார்கள்.

ஆ) நேரத்தைக் கூட்டுதல். 9:40 உடன் 1 மணி 35 நிமிடம் சேர்த்தால் 11:15. சாதாரண எண்ணைப் போலக் கூட்டுபவர்களுக்கு 10:75 வரும்.

இ) பின்ன ஒப்பீடு. 4 என்பது 3-ஐ விடப் பெரியது, ஆகவே 1/4 தான் பெரியது என்ற நம்பிக்கை.

உங்கள் வகுப்பில் வேறு மூன்று இருக்கலாம். ஆனால் மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். திருப்புதல் என்றதும் மொத்தப் பாடத்தையும் ஒரே விளையாட்டில் திணிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், எதையும் யோசிக்க மாட்டார்கள்.

3. சந்தேகப் பட்டியலைத் தயாரித்தல்

ஒவ்வொரு விலங்குக்கும் நான்கு அடையாளம் கொடுங்கள்: தொப்பி, கண்ணாடி, குடை, பை. ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். 2 × 2 × 2 × 2 = 16. ஒவ்வொரு துப்பும் மிச்சத்தைச் சரிபாதியாக்கும்: 16, 8, 4, 2, 1. மூன்று துப்பு போதும் என்றால் 8 விலங்கு, ஐந்து துப்பு வேண்டுமென்றால் 32. இந்தக் கணக்கு பிசகினால் இரண்டாவது துப்பிலேயே விடை தெரிந்துவிடும், அல்லது கடைசியில் மூன்று பேர் மிஞ்சுவார்கள்.

பட்டியல் இதோ:

- எதுவும் இல்லை: எலி
- தொப்பி மட்டும்: ஆமை
- கண்ணாடி மட்டும்: நரி
- குடை மட்டும்: தவளை
- பை மட்டும்: நண்டு
- தொப்பி, கண்ணாடி: அணில்
- தொப்பி, குடை: குரங்கு
- தொப்பி, பை: பூனை
- கண்ணாடி, குடை: ஆந்தை
- கண்ணாடி, பை: முயல்
- குடை, பை: கொக்கு
- தொப்பி, கண்ணாடி, குடை: மயில்
- தொப்பி, கண்ணாடி, பை: காகம்
- தொப்பி, குடை, பை: கரடி
- கண்ணாடி, குடை, பை: ஓணான்
- நான்கும்: யானை

படம் வரைய வராவிட்டால் விலங்கின் பெயரை எழுதி, பக்கத்தில் அடையாளங்களை மட்டும் கிறுக்கினாலும் போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, விலங்கின் இயற்கையான குணங்களை அடையாளமாக வைக்காதீர்கள். நான் ஒருமுறை 'பறக்கும், பறக்காது' என்று வைத்தேன். கோழி பறக்குமா என்ற விவாதத்திலேயே பாதி வகுப்பு போய்விட்டது. தொப்பி போட்டிருக்கிறதா இல்லையா என்பதில் யாருக்கும் சண்டை வராது.

இரண்டாவது இதைவிட முக்கியம். வகுப்புப் பிள்ளைகளையோ, ஆசிரியர்களையோ, சத்துணவு சமைக்கும் அக்காவையோ சந்தேகப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 'சும்மா விளையாட்டுக்குத்தானே' என்று சேர்த்த ஒரு வகுப்பில், அன்று 'திருடன்' ஆன பையனை அடுத்த வாரமும் அப்படியே கூப்பிட்டார்கள். மனிதப் பெயர்கள் வைத்தாலும் ஊரில் அந்தப் பெயருள்ள ஒருவர் இருப்பார். விலங்குகளே பத்திரம்.

4. விடையை முடிவு செய்யுங்கள்

கணக்கு எழுதும் முன்பே விலங்கைத் தேர்ந்தெடுங்கள். நாம் எடுத்துக்கொள்வது அணில்: தொப்பி உண்டு, கண்ணாடி உண்டு, குடை இல்லை, பை இல்லை. அப்படியானால் நமக்கு நான்கு செய்தி தேவை. ஒரு துப்புக்கு ஒரு செய்தி.

5. முதல் துப்பு: எழுத்துப் பூட்டு

முதல் துப்பு 'குடை இல்லை' என்பதைச் சொல்ல வேண்டும். ஐந்து கணக்கு, ஐந்து விடை, ஒவ்வொரு விடைக்கும் ஓர் எழுத்து.

1) 365 + 278
2) 36 × 4
3) 96 ÷ 4
4) 5 மீ 8 செ.மீ. என்பது எத்தனை செ.மீ.?
5) நீளம் 12 செ.மீ., அகலம் 7 செ.மீ. உள்ள செவ்வகத்தின் சுற்றளவு

தாளின் அடியில் பூட்டு அட்டவணை:

19 சொ, 21 ஊ, 24 இ, 38 லை, 58 ம், 84 னை, 124 பா, 144 டை, 508 ல், 533 நே, 580 ர், 643 கு

சரியான விடைகள் 643, 144, 24, 508, 38. எழுத்துகளைச் சேர்த்தால் 'குடை இல்லை'.

மற்ற எண்கள் தவறான விடைகள். 533 என்பது கூட்டலில் மீதத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாதவரின் விடை. 21 என்பது வகுத்தலில் மிச்சத்தை விட்டுவிட்டவரின் விடை. 84 என்பது சுற்றளவுக்குப் பதில் பரப்பளவைக் கண்டவருடையது. இவற்றையும் அட்டவணையில் வைப்பது அவசியம். வைக்காவிட்டால் 'நம் விடை பட்டியலில் இல்லை' என்று தெரிந்ததும் இருக்கிற எண்களில் ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். வைத்தால் 'நேடை இல்லை' என்று அர்த்தமில்லாத சொல் வரும், தாங்களே திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள்.

ஆனால் தவறான எழுத்து இன்னொரு நிஜச் சொல்லை உண்டாக்கக் கூடாது. நான் முதலில் 533-க்கு 'தா' கொடுத்திருந்தேன். ஒரு குழு 'தாடை இல்லை' என்று கண்டுபிடித்து, தாடை இல்லாத விலங்கைத் தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தவறான எழுத்தையும் அதன் இடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இன்னோர் இடம் தமிழ் எழுத்தைப் பிரிப்பது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலத் தாளைப் பார்த்து, எழுத்து தனி, கொம்பு தனி, துணைக்கால் தனி என்று பிரித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது எழுத்தே அல்ல. 'டை' முழுதாக ஓர் எழுத்து, 'ல்' முழுதாக ஓர் எழுத்து. வாயால் எப்படி எழுத்துக்கூட்டிப் படிப்பார்களோ அப்படிப் பிரியுங்கள். எழுத்து எத்தனையோ கணக்கும் அத்தனை, ஆகவே சொல் சின்னதாக இருக்கட்டும்.

பூட்டை முதலில் வைப்பதற்குக் காரணம், இது தானாகவே தவறைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே எல்லாக் குழுவும் முதல் துப்பைச் சரியாகத்தான் தாண்டும். அந்தத் தெம்பு அடுத்த மூன்றுக்கும் வேண்டும்.

6. அடுத்த மூன்று துப்பு: இருவழிப் பாதை

இங்கேதான் நாம் பொறுக்கிய மூன்று தவறும் உள்ளே வருகின்றன. சரியான விடை ஒரு பக்கமும், வழக்கமான தவறு மறுபக்கமும் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம் துப்பு: 'கூடையில் 402 நெல்லிக்காய் இருந்தது. 178 எடுத்தாயிற்று. மீதி 230-க்குக் குறைவு என்றால், நாம் தேடுபவர் கண்ணாடி போட்டவர். 230-க்கு அதிகம் என்றால் போடாதவர்.' விடை 224, ஆகவே கண்ணாடி உண்டு. வழக்கமான தவறுகளான 234, 376 இரண்டுமே 230-க்கு மேல். இந்த 230 சும்மா வைத்த எண் அல்ல. எல்லைக்கோடு சரியான விடைக்கும் மிக நெருங்கிய தவறுக்கும் நடுவே விழ வேண்டும். 300 என்று வைத்திருந்தால் 234 என்று போட்டவர்களும் சரியான பக்கமே வந்திருப்பார்கள், அவர்களுடைய தவறு மறைந்துபோயிருக்கும்.

மூன்றாம் துப்பு: 'சுத்தியல் காணாமல் போனது 11:00 மணிக்கு. பை வைத்திருந்தவர்கள் எல்லாரும் 9:40-க்குக் கிளம்பி, 1 மணி 35 நிமிடம் நடந்து பள்ளிக்கு வந்தார்கள். அவர்கள் 11:00-க்கு முன்பே வந்துவிட்டார்கள் என்றால் பை வைத்திருப்பவரைத் தேடுங்கள். பிறகுதான் வந்தார்கள் என்றால் பை இல்லாதவரைத் தேடுங்கள்.' வந்த நேரம் 11:15. 10:75 என்று எழுதியவர் பையின் பின்னே போவார்.

நான்காம் துப்பு: 'ஒரே அளவுள்ள இரண்டு கொய்யா. தொப்பி போட்டவர் ஒன்றில் 1/3 சாப்பிட்டார். தொப்பி போடாதவர் மற்றதில் 1/4 சாப்பிட்டார். அதிகம் சாப்பிட்டவரே நாம் தேடுபவர்.' 'ஒரே அளவுள்ள' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பெரிய கொய்யாவில் கால் பங்கு, சின்னக் கொய்யாவில் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகமாக இருக்கலாமே என்று கேட்கும் பிள்ளை சரியாகத்தான் கேட்கிறது.

7. இரண்டு பதிப்பு தயார் செய்யுங்கள்

ஒரே விடை என்றால் ஒரு குழு 'அணில்!' என்று கத்தியதும் விளையாட்டு முடிந்துவிடும். ஆகவே இரண்டு குழுக்களுக்கு மட்டும் நான்காம் துப்பில் சொல்லை மாற்றுங்கள்: தொப்பி போடாதவர் 1/3, போட்டவர் 1/4. விடை நரி ஆகிவிடும். அவர்களுக்குக் கேள்வி 'எடுத்தது யார்' என்பதல்ல, 'ஒளித்து வைத்தது யார்'. ஒரு வரி மாற்றம்தான். ஆனால் காதில் விழுந்ததை எழுதும் பழக்கம் உடனே வெளிப்பட்டுவிடும்.

தாள்களின் மூலையில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு புள்ளி வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

8. இப்போது கதை

பள்ளி மணியை அடிக்கும் சுத்தியலைக் காணோம். சுத்தியல் இல்லாமல் மணி அடிக்க முடியாது, மணி அடிக்காமல் சாப்பாட்டு நேரம் வராது. இவ்வளவு போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கதை சொன்னால் கணக்குக்கு நேரம் இருக்காது.

அன்று நிஜமாகவே சுத்தியலை எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காலி ஆணியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் கதை சொல்ல வேண்டியதே இல்லை.

9. நீங்களே மூன்று முறை போட்டுப் பாருங்கள்

ஒருமுறை சரியாகப் போடுங்கள், அணில் வருகிறதா? ஒருமுறை மாற்றுப் பதிப்பு, நரி வருகிறதா? பிறகு வேண்டுமென்றே தவறாகப் போட்டு எந்த விலங்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அணில் பதிப்பில் வரக்கூடியவை:

- நரி: பின்னத்தில் தவறு
- காகம்: நேரத்தில் தவறு
- ஆமை: கழித்தலில் தவறு
- முயல்: பின்னம், நேரம்
- எலி: பின்னம், கழித்தல்
- பூனை: நேரம், கழித்தல்
- நண்டு: மூன்றும்

நரி பதிப்பில் தொப்பி மட்டும் எதிர்ப்பக்கம் மாறும், பட்டியலும் அதற்கேற்ப மாறும். இந்த இரண்டு பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போக வேண்டும். என்னைப் பொறுத்தவரை விளையாட்டின் பயனே பிள்ளைகள் முடிவை எழுதிப் போடும் துண்டுத்தாளில்தான் இருக்கிறது. குடை உள்ள விலங்கு எதையாவது ஒரு குழு சொன்னால் அது கணக்குத் தவறு அல்ல, கட்டத்தை மூடும்போது வந்த கவனக்குறைவு.

10. குழுவும் வேலைப் பங்கீடும்

நான்கு வேலை: துப்பைப் படிப்பவர், கணக்குப் போடுபவர், சரிபார்ப்பவர், கொட்டை வைப்பவர். ஒவ்வொரு துப்புக்கும் வேலை இடம் மாற வேண்டும். மாற்றாவிட்டால் குழுவில் நன்றாகக் கணக்குப் போடும் ஒருவரே நான்கையும் முடித்துவிடுவார், மற்ற மூவரும் கொட்டையை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரிபார்ப்பவர் தனியாகத் தன் நோட்டில் போட வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போகும் வரை கொட்டை வைக்கக் கூடாது. இருவழித் துப்பில் யோசிக்காமல் ஒரு பக்கத்தைச் சொன்னாலும் பாதி வாய்ப்பு சரியாகிவிடும். மூன்றையும் குருட்டாம்போக்கில் சொன்னாலும் எட்டில் ஒரு வாய்ப்பு சரியான விலங்கே வரும். கணக்குப் போட்ட தாளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் முடிவை ஏற்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு 'சாட்சியம்' என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் அழகாகவே எழுதித் தருவார்கள்.

நான்காம் ஐந்தாம் வகுப்பு சேர்ந்து உட்காரும் பள்ளிகளில் ஒவ்வொரு குழுவிலும் வகுப்புக்கு இரண்டு பேர் என்று கலந்து போடுங்கள். ஆனால் பின்னத் துப்பில் கணக்குப் போடும் வேலை நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வரட்டும், ஐந்தாம் வகுப்பு சரிபார்க்கட்டும்.

11. வகுப்பில் நடத்துதல்

45 நிமிடப் பாடவேளை என்றால்: அறிமுகம் 5, எழுத்துப் பூட்டு 12, அடுத்த மூன்றும் தலா 7, முடிவு 7. முதல் தடவை இந்த நேரத்துக்குள் அடங்காது. இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்.

கவர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். நான்கையும் மொத்தமாகக் கொடுத்தால் ஆளுக்கொன்றைப் பிரித்துக்கொள்வார்கள், பேச்சே இருக்காது. ஒரு கவரின் முடிவைக் காட்டினால்தான் அடுத்தது. ஆனால் அந்த இடத்தில் சரி, தவறு என்று சொல்லக் கூடாது. 'போட்டாச்சா? ரெண்டு பேருக்கும் ஒரே விடையா? சரி, இந்தா அடுத்தது.' அவ்வளவுதான். இது ஆசிரியருக்குக் கஷ்டமான இடம், எனக்கும் கை பரபரக்கும். அங்கேயே திருத்திவிட்டால் எல்லாக் குழுவும் சரியான விலங்குக்கே வந்து சேரும், உங்களுக்கு எந்தச் செய்தியும் கிடைக்காது.

முதலில் முடித்தவருக்குப் பரிசு வேண்டாம். வேகத்துக்குப் பரிசு என்றதும் சரிபார்ப்பவர் வேலையே போய்விடும். சீக்கிரம் முடித்த குழுவிடம், ஓணானைக் கண்டுபிடிக்க உதவும் புதுத் துப்பு ஒன்று எழுதச் சொல்லுங்கள். அதில் எழும் சந்தேகங்கள் அருமையாக இருக்கும்.

முடிவை வாயால் சொல்லாமல் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

12. முடிவை அறிவித்தல்

பெட்டியைத் திறந்து வந்த விலங்குகளை எல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள், எந்தக் குழு என்று எழுதாமல். இரண்டு மூன்று பெயர் இருக்கும். 'யார் சரி?' என்று உடனே கேட்காமல் 'அணிலுக்கும் காகத்துக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேளுங்கள். பை என்பார்கள். 'பை எந்தத் துப்பு?' மூன்றாவது. 'சரி, எல்லாரும் மூன்றாவதைத் திரும்பப் போடுங்கள்.' தவறு செய்த குழுவே எழுந்து 'ஐயோ, எழுபத்தஞ்சு நிமிஷம்னு ஒண்ணு கிடையாதே' என்று சொல்லும்.

அதன் பிறகு கதையை முடியுங்கள்: வாதாங்கொட்டையை உடைக்க அணில் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனது, நரி அதை ஒளித்து வைத்தது. சுத்தியலை வெளியே எடுத்து, துப்பு எழுதிய குழுவில் ஒருவரிடம் கொடுத்து மணி அடிக்கச் சொல்லுங்கள்.

13. மறுநாள்

துண்டுத்தாள்களையும் சாட்சியத் தாள்களையும் உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். காகம் இரண்டு தாளில் வந்திருந்தால் நேரத்தைத்தான் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு கோடு போட்டு 9:40-லிருந்து 20 நிமிடம் தாவி 10:00, அங்கிருந்து ஒரு மணி தாவி 11:00, மிச்சம் 15 நிமிடம் தாவி 11:15 என்று காட்டினால் கூட்டும் முறையே தேவைப்படாது. ஆமை வந்திருந்தால் ஈர்க்குச்சிக் கட்டுகள்: நூறு கட்டு நான்கு, உதிரிக் குச்சி இரண்டு. நூறு கட்டு ஒன்றைப் பிரித்துப் பத்துப் பத்துக் கட்டாக்கி, அதில் ஒன்றைப் பிரித்து உதிரியாக்கும்போது ஒன்பது கட்டுதான் மிஞ்சுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அணில் பதிப்பில் நரி வந்திருந்தால் ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டையை ஆளுக்குக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடிக்கச் சொல்லி, ஒன்றின் ஒரு மடிப்பை இன்னொன்றின் ஒரு மடிப்பின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே சந்தேகப் பட்டியலையும் புளியங்கொட்டையையும் எடுத்து, எண்களை மட்டும் மாற்றி மறுபடி நடத்துங்கள். 402 − 178 இருந்த இடத்தில் 503 − 267 வைத்தால் விடை 236, வழக்கமான தவறு 246, ஆகவே எல்லைக்கோடு 240. போன முறை வந்த விலங்குகளின் பெயரைக் கவரின் பின்புறம் தேதியோடு எழுதி வைத்திருந்தால், இந்த முறை வருபவற்றை அதன் கீழேயே எழுதலாம்.